பஞ்சுக்காது பதிந்த பாட்டு

எங்கள் கட்டடத்தில் ஒருமுறை தீ மணி அடித்தது. தீ ஒன்றும் இல்லை. இரண்டாம் மாடித் தையல்காரி இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு ஃபோனில் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் மணி மணிதானே. கட்டடம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. துண்டோடு ஒருவர், பாதித் தாடியை மழித்த நிலையில் ஒருவர், பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் மேலே ஏறிப்போய்க் கதவை உடைக்கக் கையை ஓங்கும்போது அவரே திறந்தாராம், கையில் குப்பைப் பையோடு. "என்னங்க, ஏதாவது விசேஷமா?" என்றாராம். இரண்டு காதிலும் அந்தப் பஞ்சு.

அன்றிலிருந்து அவருக்குப் பஞ்சுக்காது என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

பஞ்சு என்றால் நிஜப் பஞ்சு இல்லை. மெத்தென்ற நுரை ரப்பர். அதை விரலுக்கிடையில் உருட்டிச் சன்னமாக்கி, மறு கையால் காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது உப்பிப் போய்த் துவாரத்தை அடைத்துக்கொள்ளும்வரை விரலை எடுக்காமல் நிற்பார். பல் வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். நுரைக்கு நடுவே இயர்ஃபோன். அதன் ஒயர் காதுமேல் வளைந்து பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் போகும்.

மேடையில் நடப்பதை நடக்கும்போதே பதிவது அவர் தொழில். கச்சேரி, நாடகம், கூட்டம், எதுவானாலும் கம்பி ஒன்றின் உச்சியில் மைக்கை ஏற்றிவைத்து, கீழே மேஜைமேல் பதிவுக்கருவியோடு உட்கார்ந்துவிடுவார். எதற்குக் காதை இப்படி அடைத்துக்கொள்ள வேண்டும் என்று மாடிப்படியில் மடக்கி ஒரு நாள் கேட்டேன்.

"ஹால்ல ஸ்பீக்கர் கத்திட்டிருக்கும் அக்கா. சாதா ஹெட்ஃபோன் மாட்டினா மைக்குக்குக் கேக்கறது எது, என் காதுக்குக் கேக்கறது எதுன்னு பிரிக்க முடியாது. இதை அடைச்சுக்கிட்டா மைக்குக்கு என்ன கேக்குதோ அதுதான் எனக்கும்."

"பொண்டாட்டி பேசறது கேக்குமா?"

"அவ மைக்ல பேசறதில்லையே."

சிரிக்கவில்லை. அது நகைச்சுவையா தகவலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தொழிலுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பஸ்ஸிலும் அதேதான். என்ஜின் சத்தம் பக்கத்து ஊருக்குப் போய்விடுமாம், பாட்டை மெதுவாக வைத்தாலே போதுமாம், காதுக்கு நல்லதாம். காதுக்கு நல்லதுதான், காலுக்குத்தான் கேடு. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டிப்போவரைக்கும் போய், காலி பஸ்ஸில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பி, திரும்பி நடந்து வந்த கதை இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலும் அதேதான். ஒருநாள் அரை டம்ளர் சர்க்கரை வாங்கப் போனேன். சர்க்கரை வீட்டில் இருந்தது, அது வேறு விஷயம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சு. ஒயரின் மறுமுனை மடிமேல் சும்மா கிடந்தது.

"எதுலயும் மாட்டலையே தம்பி?" என்று ஜாடை காட்டினேன்.

ஒரு பக்கத்தைக் கழற்றினார். "ஆமா. சும்மாதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

அவர் மனைவிக்குக் கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை. மருந்துக்கடைக்காரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே, "காலையில ஒண்ணு, சாப்பிட்டப்புறம், ராத்திரி அரை, சாப்பிடறதுக்கு முன்னாடி" என்று அவள் சொல்வதைக் கேட்டால் நோய் பாதி போய்விடும். பொய் சொல்லவில்லை. தலைவலி மாத்திரைக்குப் போனவர்கள் இருமல் மருந்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். கடைக்காரருக்கு அது தெரியும். அதனால்தான் வேறு யாரையும் கவுண்டரில் நிற்கவிடுவதில்லை.

கடை மூடியதும் பள்ளிக்கூட ஹாலில் ஒரு பாட்டுக்குழு கூடும். நடத்துவது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி. தபால்காரர், பல் டாக்டர், ரொட்டிக் கடைக்காரர் பெண்சாதி என்று ஊர்க் கதம்பம். கூட்டமாகப் பாடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் எல்லாரும் நிறுத்துவார்கள். அங்கே மருந்துக்கடைக்காரி ஒருத்தி குரல் மட்டும் தனியாக எழும்பும். அந்த இடத்துக்காகத்தான் ஜனம் வரும். மற்ற நேரமெல்லாம் பல் டாக்டர் பாடுவதைச் சகித்துக்கொள்வதே அதற்காகத்தான்.

இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் படியில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சுளுக்கா?"

"கட்டியாம்க்கா. கெட்டது இல்லையாம். ஆனா எடுத்தாகணுமாம். குரல் நரம்பு இருக்கில்ல, அதுக்கு ஒட்டினாப்பல உக்காந்திருக்காம்."

"அப்படின்னா?"

"பேச்சு வந்துடும்ங்கறார் டாக்டர். பாட்டுக்கு அவர் பொறுப்பில்லையாம்." பால் விலை ஏறிவிட்டது என்பதைப் போலச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

நான் சும்மா இருப்பேனா? சூப் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அன்று மாலையே மேலே போனேன். அவர் சாப்பாட்டு மேஜையில் பஞ்சோடு உட்கார்ந்து யாருடைய கூட்டத்தையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள், கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன பயன்? இடக்காதுப் பஞ்சை இரண்டு விரலால் பிடித்து உருவினாள். பாட்டில் மூடி திறந்ததுபோல ஒரு சின்னச் சத்தம்.

"என் குரலைப் பதிஞ்சு வைங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "இங்கயா?"

"இங்கதான். இப்பவே."

"ஃபிரிட்ஜ் ஓடுது. தெருவில வண்டி. கீழ அக்கா வீடு வேற."

"நான் என்னப்பா பண்ணேன்?" என்றேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"உங்க நிகழ்ச்சி வருதில்ல, ஹால்லயே பதியலாம்" என்றார். "அந்தக் கூரைக்குத்தான் உன் குரல் நிக்கும். இங்க பதிஞ்சா டப்பாக்குள்ள பாடின மாதிரி இருக்கும்."

"நிகழ்ச்சிக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில சேரணும்."

"அதான் சொல்றேன். ஒரே தடவை, ஒழுங்கா பதிஞ்சிடலாம்."

அவள் பஞ்சைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து ஊரையெல்லாம் பதிஞ்சீங்க. ஆத்துத் தண்ணி போறதைக்கூடப் பதிஞ்சீங்க. என்னைப் பதியல."

"வீட்டிலயே இருக்கிற குரல்தானே" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதே, குடத்தில் எதற்குப் பிடித்து வைக்க வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

நிகழ்ச்சியன்று பஞ்சுக்காதுவின் அமர்க்களம் தாங்க முடியவில்லை. மத்தியானமே ஹாலுக்குப் போய் மைக்கை ஏற்றினார், இறக்கினார், ஒரு சாண் நகர்த்தினார், மறுபடியும் நகர்த்தினார். மேலே மின்விசிறி ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்து, கிரீச்சிடுகிற ஒன்றை அணைத்துவைத்தார். ஜனம் வந்து உட்கார்ந்ததும் வரிசை வரிசையாக வந்தார்.

"ஃபோனை அணைச்சிடுங்க. சைலண்ட் போதாது. அணைக்கணும். பக்கத்துல ஃபோன் இருந்தா மைக்ல கொரகொரன்னு விழும்."

"நான் ஒரு வீடியோ எடுத்துக்கறேனே, என் தங்கச்சிக்கு அனுப்ப" என்றேன்.

"அக்கா, நான் பதிஞ்சு தரேன். உங்க தங்கச்சிக்கும் சேர்த்து."

என் கையிலிருந்தே வாங்கி அணைத்துக் கொடுத்தார். தையல்காரி ஒளித்து வைத்திருந்ததைக் கூடக் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஹாலில் அன்று உயிரோடு ஒரு ஃபோன் கிடையாது. அவ்வளவு சொல்லி, அவ்வளவு கெடுபிடி செய்து, முன்வரிசை மேஜையில் போய் உட்கார்ந்து, பஞ்சை உருட்டிக் காதை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் அவருக்கு நேர் பின்னால். நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

டீச்சர் கையைத் தூக்கினார். வழக்கத்துக்கு மாறாக அன்று கூட்டப்பாட்டு முதலில் வரவில்லை. டீச்சருக்கும் விஷயம் தெரியுமே, அதனால் மருந்துக்கடைக்காரியைத் தனியாகத் தொடங்க வைத்திருந்தார். யாருக்கும் முன்னால் சொல்லவில்லை. ஹால் இருமி முடிப்பதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும். பக்கத்து இருக்கைக் கிழவர் பிஸ்கட் கடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார், அதைத்தான் சொல்ல முடியும். பஞ்சுக்காது ஒரு விரலைக் கருவிமேல் வைத்தபடி அப்படியே இருந்தார். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. தூங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் தூங்குகிறவர் தொண்டை அப்படி ஏறி இறங்காது. கடைசிப் பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து கைதட்டியபோதுதான் கண்ணைத் திறந்தார். கைதட்டுச் சத்தம் அவருக்கு மைக் வழியாகத்தானே கேட்டிருக்கும்.

மேடையிலிருந்து இறங்கி நேரே அவரிடம் வந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

அவர் முகத்தையே கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒயரைச் சுற்றி மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். துணைக்கு நான்தான் போனேன். போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளை உள்ளே அழைத்துப்போனார்கள். நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தோம். எதிரே சுவரில் கை கழுவும் முறைபற்றிப் படம் போட்டிருந்தது. அதை நான் முழுக்கப் படித்து முடித்து, மேலும் கீழுமாக இன்னொரு தடவையும் படித்தேன்.

பஞ்சுக்காது பையிலிருந்து கருவியை எடுத்தார். அவள் உள்ளே கிடக்கும்போது அவள் குரலைக் கேட்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது, மனசு கொஞ்சம் இளகியது. பஞ்சைச் செருகினார். எதையோ அழுத்தினார். பஞ்சைக் கழற்றி நுனியை ஊதினார், துடைத்தார், மறுபடி செருகினார். மறுபடி அழுத்தினார். கருவியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"என்ன தம்பி, நல்லா வந்திருக்கா?"

"எடிட் பண்ணணும்."

முகத்தில் ஒன்றுமே இல்லை. மின்சாரக் கட்டண ரசீது பார்க்கும்போதும் அந்த முகம்தான். இயந்திரத்தில் காசு போட்டு ஒரு டீ பிடித்து வந்தார். அது கையிலேயே ஆறிப்போனது. நர்ஸ் வந்து, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

கட்டி போயிற்று. ஆனால் கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிசுகிசுப்பதுகூடக் கூடாதாம். அதுதான் இன்னும் கெடுதலாம். எனக்கெல்லாம் அப்படி ஒரு உத்தரவு போட்டிருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்து வந்திருப்பேன். அவள் ஃபோனில் எழுத்துத் தட்டிக் காட்டுவாள். வலிக்கிறதா என்று கேட்டேன். 'வலி இல்லக்கா. கழுத்து மரத்துப் போயிருக்கு. தொட்டா யாரையோ தொடற மாதிரி இருக்கு' என்று தட்டிக் காட்டினாள். அவர் அதை எட்டிப் படித்தார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம். பக்கத்தில் அவர். பின் இருக்கையில் நானும் எங்கள் மூட்டை முடிச்சும். வண்டி பழையது, என்ஜின் சத்தமும் ஜன்னல் சட்டத்தின் தடதடப்பும் மண்டையைப் பிளந்தன. அவள் நெற்றியைச் சுளித்தாள். அவர் தன் பஞ்சை எடுத்தார். புதிய நுரை இரண்டை மாட்டினார், உருட்டினார், அவள் காது நுனியை மெதுவாக இழுத்துச் செருகிவிட்டு உப்பும்வரை விரலால் பிடித்துக்கொண்டார். கழுத்துக் கட்டுமேல் ஒயர் படாமல் பின்னால் வளைத்துவிட்டார். ஃபோனில் ஏதோ வாத்தியப் பாட்டை வைத்தார். அவள் முகம் இளகியது. வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச தூரம் போனது. அவர் பேச ஆரம்பித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. யாரிடம் பேசுகிறார்? முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினார். என்ஜின் சத்தத்தை மீறி என் காதுக்கு வர வேண்டுமென்றால் நான் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது. சாய்ந்தேன்.

"பதியல. ஒண்ணுமே பதியல. ஒரு தடவை அழுத்தினா தயாரா நிக்கும். லைட்டு மினுக்கும். சத்தம் காட்டற முள்ளு ஆடும், காதுல கேக்கும், எல்லாம் இருக்கும், ஆனா பதியாது. ரெண்டாவது தடவை அழுத்தணும். அப்பதான் லைட்டு நின்னு எரியும், அப்பதான் பதியும். ஆயிரம் தடவை அழுத்தியிருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அழுத்துவேன். அன்னிக்கு சத்தம் எவ்வளவு வைக்கலாம்னு பார்க்க ஒரு தடவை அழுத்தினேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சிட்டே. காதை அடைச்சிருந்தேனா. உலகத்துல வேற சத்தமே இல்ல. நீ மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. உதடு பிரியறது கேட்டுச்சு. கை அப்படியே நின்னுடுச்சு."

நிறுத்தினார். கண்டக்டர் தாண்டிப் போகும்வரை பேசாமல் இருந்தார்.

"உனக்குச் சொல்ல முடியல. நீ கேக்காதபோதுதான் சொல்ல முடியுது" என்றார்.

அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே எருமையோ மாடோ, எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியம் அவள் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. தீ மணியே நுழையாத இடத்தில் இந்தப் பேச்சா நுழையும்? அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தையும் அதே இருக்கை முதுகைப் பார்த்தபடி கடந்தார். நான் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதுபோல அவர்கள் இருவரில் ஒருவருக்கும் அடித்திருக்காது.

அதன் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்படி ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு படியில் ஏறி இறங்குவது லேசா? தையல்காரி தினமும் வாயைக் கிளறுவாள்.

"ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு? உங்க முகமே சரியில்லையே."

"பஸ் ஒத்துக்கல."

சொல்லாமல் இருந்ததற்கு என் நல்ல குணம் காரணம் என்று நினைக்க வேண்டாம். எப்படியும் மேலே ஒரு பெரிய சண்டை வெடிக்கும், அப்போது தானாக எல்லாருக்கும் தெரிந்துபோகும், பழி என்மேல் விழாது என்று காத்திருந்தேன். சண்டை வரவில்லை. அவள் பேசக் கூடாது, அவருக்குப் பேச வராது. மேலே நாற்காலி நகரும், குழாய் திறக்கும், மூடும். அவ்வளவுதான் சத்தம். சூப் கொண்டு போகும்போதெல்லாம் அவர் கணினி முன்னால் பஞ்சோடு உட்கார்ந்திருப்பார். திரையில் ஏதோ கோடு மலை மலையாக ஓடும்.

"என்ன தம்பி, பாட்டு எடிட்டா?"

"ஆமாக்கா. கொஞ்சம் இருக்கு."

அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நிமிரமாட்டாள். பாட்டு எப்போது வரும் என்று அவள் ஒரு தடவைகூடத் தட்டிக் காட்டிக் கேட்டதை நான் பார்க்கவில்லை. அது எனக்கு வினோதமாகத்தான் இருந்தது. இவள் கேட்டு அடம்பிடித்ததுதானே?

பேசலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதை ஜன்னலில் உறுதி செய்துகொண்டு, சூப் கிண்ணத்தைத் திரும்ப வாங்கும் சாக்கில் மேலே போனேன். இனிமேலும் தாங்காது. பக்குவமாக, மெதுவாக, ஒரு அக்கா ஸ்தானத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு.

"வாங்கக்கா" என்றாள்.

குரல் என்று அதைச் சொல்ல வேண்டுமா? துருப்பிடித்த கீல். இரண்டு வார்த்தைக்கு நடுவே காற்று மட்டும் வந்தது. நான் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டேன். கொஞ்சம் தாமதமாகத்தான் செய்தேன் போல, கவனித்துவிட்டாள்.

"இது பேச்சுக்குப் போதுமாம். பாட்டு வராது. காலையில முயற்சி பண்ணிப் பார்த்தேன். மேல ஏற வேண்டிய இடத்துல வெறும் காத்துதான் வருது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்திருப்பேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. உன் வீட்டுக்காரர் அன்னிக்குப் பதிஞ்சாரே…"

"பதியலக்கா."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"லைட்டு மினுக்கிட்டிருந்துச்சு. மேடையிலேர்ந்து தெரிஞ்சுது. கல்யாணமான புதுசுல நான்தானே அவருக்கு ஒயர் தூக்கிட்டுப் போவேன். மினுக்கினா என்ன அர்த்தம்னு தெரியாதா?"

"அடிப்பாவி! பாடும்போதே தெரியுமா? கையைக் காட்டியிருக்கலாமே! நிறுத்தியிருக்கலாமே!"

"நிறுத்தலாம்னுதான் நினைச்சேன்." தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். "அவர் கண்ணை மூடிட்டிருந்தார்க்கா. அவர் எதைப் பதிஞ்சாலும் கண்ணை மூடவே மாட்டார். முள்ளு எங்க போகுதுன்னு பார்த்துட்டே இருப்பார். அன்னிக்குக் கேட்டுட்டிருந்தார். அதை எப்படி நிறுத்தறது?"

"சரி, வீட்டுக்கு வந்தப்புறமாவது இன்னொரு தடவை பாடியிருக்கலாமே? ராத்திரி முழுக்க இருந்துச்சே!"

"பாடியிருக்கலாம். ஃபிரிட்ஜை அணைச்சிருப்பார். போர்வையைச் சன்னல்ல கட்டியிருப்பார். உங்க வீட்டுக்கு வந்து டிவியை நிறுத்தச் சொல்லியிருப்பார். ரெண்டு தடவை சரியா அழுத்தியிருப்பார்." மறுபடியும் ஒரு வாய் தண்ணீர். "கேட்டிருக்க மாட்டார்."

நான் இத்தனை நாள் பத்திரமாகச் சுமந்து வந்த செய்தி என் கையிலேயே பழையதாகிப் போனது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. "அப்போ பஸ்ல அவர் சொன்னதும் காதுல விழுந்துச்சா?"

"பஸ்ல என்ன சொன்னார்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

"இல்ல… கழுத்துல காத்துப் படாம பார்த்துக்கோன்னு சொன்னார்."

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தாள். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

"தினமும் எடிட் பண்றேன்னு வெறும் கோட்டைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார்" என்றாள். "முந்தாநாள் பின்னாடி நின்னு பார்த்தேன். யாரோ பேசின கூட்டத்தைத் திறந்து வெச்சிக்கிட்டு, அதையே வெட்டி ஒட்டிட்டிருக்கார்."

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. எதையோ மறந்துவிட்டுப் போயிருப்பார் போல, அவர் திரும்பி வந்துவிட்டார். நான் உடனே கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இப்போதுதான் வந்ததுபோல நின்றேன். தோளில் பை. பஞ்சு ஒரு காதில் மட்டும், மற்றது மார்பில் தொங்கியது.

"பேட்டரியை வெச்சிட்டுப் போயிட்டேன்" என்றார், பொதுவாக.

"என்னங்க" என்றாள் அவள்.

அந்தக் குரலை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார் என்று தோன்றியது. டாக்டர் அனுமதித்து ஒரு நாள் ஆகிறது, ஒரே வீட்டில் இருக்கிறார்கள், முதல் தடவை. மாட்டியிருந்த பஞ்சையும் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பாட்டு பதிஞ்சீங்களே."

"ம்."

"அழிச்சிடுங்க."

அவர் வாயைத் திறந்தார். "அது… அது வந்து…"

"எனக்குக் கேக்க வேணாம். பழசைக் கேட்டா இந்தக் குரல் எனக்கே பிடிக்காமப் போயிடும். யாருக்கும் குடுக்கவும் வேணாம். அழிச்சிடுங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவே இல்லை. அவர் பையைத் தரையில் வைத்தார். குனிந்து கருவியை எடுத்தார். எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். கட்டைவிரல் அசைவது தெரிந்தது. எதை அழுத்தினார், அழிக்க ஒன்றுமில்லாத அதில் அழுத்த என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாது. கொஞ்சம் அதிக நேரம்தான் நின்றார்.

"அழிச்சாச்சு" என்றார்.

"சரி."

"வேற எதுவும்…"

"ஒண்ணும் வேணாம். நேரமாச்சு, போங்க. இன்னிக்கு எங்க?"

"ஒரு கூட்டம். வெறும் பேச்சுதான்."

"சாப்பாடு?"

"அங்கயே குடுப்பாங்க."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறந்தது. அவர் மேஜை இழுப்பறையில் பேட்டரியைத் தேடி எடுத்தார். நான் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். அவரும் கூடவே வந்து, கதவை எனக்குப் பின்னால் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, அன்னிக்கு பஸ்ல எங்களுக்குப் பின்னாடி நீங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா தம்பி."

"தூங்கிட்டீங்களோ?"

"ஏறினதும் தூங்கினவதான். ஊர் வந்து கண்டக்டர் கத்தினப்புறம்தான் எழுந்தேன்."

தலையை ஆட்டினார். நம்பினாரா என்று பார்க்க முகத்தில் ஒன்றும் இல்லை. கையிலிருந்த பஞ்சை உருட்ட ஆரம்பித்தார். நான் படியிறங்கினேன்.